எட்டில் ஒரு பங்கு கிணறு

பிரதேச செயலகத்தில் நான் வகித்த பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. நடைமுறையில் என் வேலை இரண்டுதான்: படிவம் நிரப்புவது, கூட்டக் குறிப்பு எழுதுவது. யுத்தம் முடிந்து, வலிகாமத்தின் வடக்குக் கரையில் இராணுவத்திடம் இருந்த காணிகள் துண்டு துண்டாக விடுபடத் தொடங்கிய காலத்தில், மாதம் ஒருமுறை இராணுவ முகாமுக்குள் ஓர் ஒருங்கிணைப்புக் கூட்டம் நடக்கும். எங்கள் பிரதேச செயலாளர் முன்னால் போவார். கோப்புகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நான் பின்னால் போவேன். அரச ஊழியர்களுக்கான சிங்களப் பரீட்சையில் செயலகக் கந்தோரிலேயே நான் ஒருத்திதான் முதல் தடவையில் சித்தியடைந்திருந்தேன். கெட்டிக்காரிக்கு அரசாங்கம் தரும் பரிசு கூடுதல் வேலை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

கூட்டம் நடந்த இடம் ஒரு காலத்தில் யாரோ ஒரு டொக்டரின் வீடு. அவர் அவுஸ்திரேலியாவில் இருப்பதாகச் சொன்னார்கள். சுவாமி அறை இருந்த இடத்தில் தண்ணீர் வடிகட்டி ஒன்று நின்றது. சுவரில் படம் மாட்டிய ஆணிகள் மூன்று அப்படியே இருந்தன. எங்கள் பக்கத்தில் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் பக்கத்தில் யாருக்கும் அது என்ன இடம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

மேசையின் ஒரு தலைப்பில் பிரிகேடியர் இருப்பார். மற்றத் தலைப்பில் எங்கள் பிரதேச செயலாளர். இருவருக்கும் ஒரே மாதிரிக் கதிரை. இதற்காக ஒரு முறை கதிரை மாற்றியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன், ஆகவே சமத்துவம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பிரிகேடியருக்குப் பக்கத்தில் சிவில் அலுவல்களுக்குப் பொறுப்பான மேஜர் இருப்பார். தமிழ் விளங்கும், கொஞ்சம் கதைக்கவும் கதைப்பார். வரைபடம் அவரிடம்தான் இருக்கும். சுருட்டிக்கொண்டு வருவார், விரித்துக் காட்டுவார், கூட்டம் முடிந்ததும் சுருட்டிக்கொண்டு போவார். எத்தனை தரம் கேட்டும் அதில் ஒரு பிரதி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கூட்டங்களில் நான் படித்த முக்கியமான பாடம், அதிகாரம் எந்தப் பக்கமாக ஓடும் என்பது. பிரிகேடியர் ஒரு சொல் சொன்னால் அது அரை மணித்தியாலத்தில் கீழே கடைசிச் சிப்பாய்வரை போய்விடும். ஆனால் வேலியைப் பத்தடி தள்ளிப் போட அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்கு அவர் மேலே எழுதவேண்டும். மேலே உள்ளவர் இன்னும் மேலே எழுதவேண்டும். எங்கள் பக்கத்தில் இது தலைகீழ். நாங்கள் மேலே எதையும் எழுதுவோம், தினமும் எழுதுவோம், கீழே ஒன்றும் இறங்கி வராது. இப்படிப்பட்ட இரண்டு ஆட்களை ஒரு மேசையில் இருத்திவிட்டு அதற்கு ஒருங்கிணைப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாரும் அவரவர் வேலையைச் செய்தார்கள், நானும் செய்தேன்.

அந்தத் தடவை விடுபட இருந்தது கீரிமலைப் பக்கமாக ஒரு துண்டு. உரிமையாளர்கள் வந்து படிவம் நிரப்பவேண்டும். இரண்டு தாள், இடதுபக்க மூலையில் பின் அடித்தது. முதல் தாளில் காணியின் விபரம். இரண்டாம் தாளில் உறுதிமொழியும் கையெழுத்தும். படிவத்தை யார் தயாரித்தார்களோ தெரியாது, யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணியைக் கண்ணால் கண்டவராக இருக்க முடியாது. மரங்களின் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம், மதிலின் நீளத்துக்கு ஒரு கட்டம். நீருக்கு ஒரே வரி: நீர் வசதி, உண்டு அல்லது இல்லை.

அந்தப் பெரியவர் வரிசையில் எத்தனையாவதாக வந்தார் என்பது நினைவில்லை. அறுபது கடந்தவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டும் சறமும். இடம்பெயர்ந்த நாளிலிருந்து மனைவியோடு நலன்புரி முகாமில், தகரமும் கிடுகும் கலந்த ஒரு கொட்டிலில் இருந்தவர். ஆனால் காணி உறுதிப் பத்திரத்தை மூன்று பொலித்தீன் பைக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவர் சொன்னார், நான் எழுதினேன். தண்ணீர் வரியில் வந்து நின்றேன்.

"ஐயா, காணிக்குத் தண்ணி இருக்கோ?"

"ஓம் பிள்ளை. கிணத்திலை எட்டிலை ஒண்டு இருக்கு."

உறுதியிலும் அப்படியே இருந்தது. கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், வழி வாய்க்கால் உரிமையும். எங்கள் ஊரில் ஒரு கிணறு ஒருவருக்கே சொந்தமாக இருப்பது அருமை. அண்ணன் தம்பிகளுக்குக் காணி பிரியும்போது நிலத்தை வெட்டலாம், கிணற்றை வெட்டமுடியாது. ஆகவே பங்கு. எட்டுப் பங்கென்றால் எட்டு நாளுக்கு ஒருமுறை ஒருவரின் முறை வரும். அன்றைக்குக் கிணறு அவருடையது. மற்ற ஏழு நாளும் அவர் அதில் கால் கழுவுவதென்றாலும் கேட்டுத்தான் கழுவவேண்டும். என்னுடைய தகப்பனார் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். பங்கு இருந்தால் தண்ணீர் உண்டு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உண்டு என்பதில் சரி போட்டேன். அவர் இரண்டாம் தாளில் கையெழுத்து வைத்தார்.

கிணறு எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கிணறு இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று இருவரும் நினைத்தோம்.

காணி விடுவித்த அன்று பந்தல், மேளம், குத்துவிளக்கு எல்லாம் இருந்தது. அது முடிந்து சனங்கள் பற்றைக்குள் புகுந்து எல்லைக் கல் தேடத் தொடங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய பத்துப் பரப்புக் காணியும் வெளியே வந்துவிட்டது. புதிய முட்கம்பி வேலி காணியின் வடக்கு எல்லையோடு போகிறது. கிணறு வேலிக்கு உள்ளே, ஒரு முப்பது நாற்பது அடி தள்ளி. கட்டு உடையாமல், கப்பித் தூண் இரண்டும் நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு சிப்பாய்கள் தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கிழமை அவர் கந்தோருக்கு வந்தார். சத்தம் போடவில்லை. காணி தந்ததற்கு நன்றி சொன்னார். பிறகு, "தண்ணி அந்தப் பக்கம் நிக்குது பிள்ளை," என்றார்.

அவருக்கு வீட்டுத் திட்டத்தில் பெயர் இருந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அத்திவாரம் போட்டுக் காட்டவேண்டும். காட்டாதவர்களின் வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நலன்புரி முகாமையும் மூடப்போகிறார்கள் என்ற கதை வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் சீமெந்து குழைக்க முடியாது. பவுசர் லொறியில் தண்ணீர் அனுப்பலாம் என்று பார்த்தால், நீர் வசதி இல்லை என்று படிவத்தில் எழுதியவர்களுக்கு மட்டுமே பவுசர். அவருடைய படிவத்தில் உண்டு. என் கையெழுத்து, நல்ல தெளிவான எழுத்து.

அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் விஷயத்தை எடுத்தோம். பிரதேச செயலாளர் அவரையும் கூட்டிக்கொண்டு போனார். மேஜர் வரைபடத்தை விரித்துப் பார்த்தார். பிறகு எங்கள் படிவத்தின் பிரதியை எடுத்துக் காட்டினார். எங்களிடமிருந்து போகும் எந்தத் தாளும் அவர்களிடம் தொலைவதில்லை. தண்ணீர் உண்டென்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், அதை வைத்துத்தான் வேலியின் கோடு போட்டோம் என்றார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, உள்ளதைச் சொல்லும் குரலில். பிரதேச செயலாளர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினேன்.

பிரிகேடியர் நல்ல மனிதர். இதை நான் பின்னால் நடந்ததை எல்லாம் யோசித்த பிறகும் சொல்கிறேன். வேலியை அசைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, மேலே எழுதுகிறேன், ஆனால் அதுவரை ஐயா தினமும் காலையில் ஒரு மணித்தியாலம் உள்ளே வந்து தண்ணீர் எடுக்கலாம், பாஸ் ஒன்று தருகிறோம் என்றார். அப்படி ஒரு பாஸ் அந்தப் பகுதியில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. மேஜர் அதைத் தமிழில் சொன்னார். எங்கள் பக்கத்தில் எல்லாருடைய முகமும் மலர்ந்தது.

அவருடைய முகம் மட்டும் மலரவில்லை. "ஒவ்வொரு நாளும் ஏலாது சேர்," என்றார். "என்ரை முறை எட்டு நாளைக்கு ஒருக்காத்தான்."

மேஜருக்கு விளங்கவில்லை. நான் சிங்களத்தில் விளக்கினேன். மற்றப் பங்குக்காரர்கள் எங்கே என்று பிரிகேடியர் கேட்டார். நாலு பேர் கனடாவில், ஒருவர் லண்டனில், ஒருவர் செத்துப்போய்விட்டார், பிள்ளைகள் எங்கே என்று தெரியாது, சித்தப்பாவின் மகன் ஒருவர் நெல்லியடியில் கடை வைத்திருக்கிறார் என்றார் அவர். அப்படியென்றால் யார்தான் அங்கே தண்ணீர் இறைக்கிறார்கள், ஒருவரும் இல்லையே என்றார் பிரிகேடியர்.

"இறைக்காட்டிலும் அவையின்ரை நாள் அவையின்ரை நாள்தானே. நான் கேக்காமல் எடுக்கக் கூடாது."

"நாங்க எல்லா நாளும் எடுக்கிறது, ஐயா," என்று மேஜர் சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"நீங்கள் கேட்டோ எடுக்கிறியள்?"

பிரதேச செயலாளர் பெரிதாக ஒரு இருமல் இருமினார். மேஜர் இதைச் சிங்களத்தில் சொல்லவில்லை. பிரிகேடியர் என்னைப் பார்த்தார். நானும் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில், 'உரிமையாளருக்கு நீர் எடுக்க அனுமதி வழங்க இணக்கம் காணப்பட்டது' என்று எழுதினேன். பிற்பாடு வீட்டுக்கு வந்து அதை நினைத்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்கு வந்தது கோபம். மனுசனுக்குக் கையில் கொடுத்தாலும் வாங்கத் தெரியவில்லையே என்று எரிச்சலாக இருந்தது.

அவர் பாஸை எட்டு நாளுக்கு ஒருமுறைதான் பாவித்தார். எந்த நாள் தன்னுடைய நாள் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். இடம்பெயர்ந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. யார் முறை எங்கே நிற்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"வெளிக்கிட்ட அண்டைக்கு முதல்நாள் என்ரை முறை. மிளகாய்க்கு இறைச்சனான். அதிலை இருந்து எண்ணிப் பாத்தன் பிள்ளை. லீப் வருசமெல்லாம் சேத்து எண்ணினது. இந்த முறை வியாழக்கிழமை வரும்."

வியாழக்கிழமை சைக்கிளில் இரண்டு கலன் கட்டிக்கொண்டு முகாம் வாசல் காவலான சென்றிக்குப் போனார். பெயர் எழுதிக் கையெழுத்து வைத்தார். அள்ளினார், திரும்பக் கையெழுத்து வைத்தார், வந்தார். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தரம் போய்வர முடியும்? அந்தத் தண்ணீரில் ஒரு தென்னம்பிள்ளையை உயிரோடு வைத்திருக்கலாம். வீடு கட்ட முடியாது. மற்றப் பங்குக்காரர்களிடம் சம்மதம் கேட்டுக் கடிதம் போட்டார். கனடாவில் இருந்து இரண்டு பேர் மட்டும் ஓம் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நெல்லியடிக்காரர் பதில் சொல்லவே இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் இடையில் ஒரு வேலிச் சண்டை பழைய காலத்தில் இருந்ததாம்.

மழைக்கு முந்திய கூட்டத்தில் பிரிகேடியரே அவரைப் பற்றி விசாரித்தார். மேலிருந்து பதில் வரவில்லை, வேலி இப்போதைக்கு அசையாது என்றார். ஆனால் பொறியியல் படைப்பிரிவு தன்னிடம் இருக்கிறது, துளைக்கிற மெசின் இருக்கிறது, அவருடைய காணிக்குள்ளேயே ஒரு குழாய்க்கிணறு ஒரே நாளில் அடித்துக் கொடுக்கலாம். கிணற்றுக்காக நாற்பதடி வேலி தள்ளுவதைவிடப் பூமிக்குள் நூறடி துளைப்பது அவருக்குச் சுலபம், ஏனென்றால் துளைப்பதற்கு மேலே எழுதத் தேவையில்லை. ஒரே ஒரு சிக்கல். நீர் வசதி இல்லாத குடும்பங்களுக்குத்தான் குழாய்க்கிணறு அடிக்கலாம். படிவத்தைத் திருத்தி அனுப்புங்கள் என்றார்.

நான் திருத்திய படிவத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். நலன்புரி முகாமில், கொட்டிலுக்கு வெளியே கதிரை போட்டுத் தந்தார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் வசதி இல்லை எண்டு எப்பிடி எழுதிறது, பிள்ளை? எனக்குப் பங்கு இருக்கே."

"ஐயா, இது சும்மா ஒரு பேப்பர். கிணறு அடிக்கிறதுக்காகத்தான்."

"பேப்பர்தானே பிள்ளை உறுதியும். நான் இல்லை எண்டு எழுதிக் குடுத்தால், நாளைக்குக் கிணறு திரும்பி வரேக்கை, நீ இல்லை எண்டனீதானே எண்டு கேப்பினம்."

"ஆர் கேக்கப்போகினம்?"

"ஆரும் கேப்பினம்."

மனைவி உள்ளே இருந்து, "வையுங்கோவன் கையெழுத்தை, மாரிக்கு முதல் ஒரு கூரை வேணுமெல்லே," என்றார். அவர் வைக்கவில்லை. வீடு போனாலும் பரவாயில்லை, இல்லாததை இருக்கு என்று சொல்வதும் இருப்பதை இல்லை என்று சொல்வதும் ஒன்றுதான் என்றார். நான் பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். வழியெல்லாம் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கூடவே என்னையும்.

ஏனென்றால் பிழை என்னுடையது. கிணறு எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் வேலி வேறு மாதிரிப் போயிருக்கும். போயிருக்கலாம். என் பிழையால் ஒரு மனுசனின் வீடு அடுத்தவருக்குப் போகப்போகிறது. பிரதேச செயலாளர், "அந்தாளை ஒரு வழிக்குக் கொண்டுவாங்கோ மிஸ், லிஸ்ட் அனுப்ப வேணும்," என்றார். எப்படிக் கொண்டுவருவது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கையெழுத்து இரண்டாம் தாளில் இருந்தது. பழைய படிவத்தின் பின்னைக் கழற்றினேன். முதல் தாளைப் புதிதாக எழுதினேன். பரப்பு, எல்லை, மரங்கள் எல்லாம் அப்படியே. நீர் வசதி, இல்லை. திரும்பப் பின் அடித்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போன நேரத்தில் ஐந்து நிமிட வேலை. பயம் எதுவும் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோசமாக இருந்தது. ஒரு பிழையைச் சரி செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவரிடம் பிரிகேடியரே விசேடமாக உத்தரவு போட்டதாகச் சொன்னேன். அவர் என்னை நம்பினார்.

மெசின் வந்தது, அடித்தது, தண்ணீர் வந்தது. இராணுவத்தினர் ஒரு பெயர்ப்பலகை நட்டு, அவரையும் மனைவியையும் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். வருடம் முடிவதற்கு முன் அத்திவாரம் எழும்பியது, அடுத்த வருடம் வீடு எழும்பியது. புது வீட்டுக் குடிபூரலுக்கு நானும் போனேன். குழாய்க்கிணற்றுத் தண்ணீர் உவர். கடற்கரைப் பக்கம் ஆழமாகத் துளைத்தால் அப்படித்தான் வரும். சுவர்களில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிரத் தொடங்கியிருந்தது. வெங்காயத்துக்கு அந்தத் தண்ணீர் சரிவராது, குடிக்கவும் சரிவராது. ஆனாலும் வீடு வீடுதான். அவர் எட்டு நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் கலனோடு சென்றிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

பிரிகேடியர் மாற்றலாகிப் போனார். மேஜரும் போனார். புதியவர்கள் வந்தார்கள், பழைய வரைபடத்தை விரித்தார்கள், நாங்கள் பழைய கோரிக்கைகளை முதலிலிருந்து வாசித்தோம். இரண்டு மூன்று வருடத்தில் யாரும் எதிர்பாராத ஒரு நாளில் மேலே எங்கேயோ ஒரு கையெழுத்து விழுந்து, வேலி வடக்கே போனது. கிணறு வெளியே வந்தது.

நெல்லியடிக்காரர் அசையாமல் இருந்த ஆள், இப்போது அசைந்தார். வெளிநாட்டில் இருந்த பங்குக்காரர்களிடம், அவர்கள் சார்பில் கையெழுத்து வைக்க அற்றோணிப் பத்திரம் எடுத்தார். எங்கள் கந்தோருக்கு வந்து, பங்குக்காரர் என்ற முறையில் கோப்பின் பிரதிகள் கேட்டு எழுதிக் கொடுத்தார். அவருக்கு அதற்கு உரிமை இருந்தது. பிரதி எடுத்துக் கொடுத்தது வேறொரு எழுதுவினைஞர். அந்தக் கட்டுக்குள் என்ன போனது என்று எனக்கு அப்போது தெரியாது.

தெரிந்தது பெரியவர் வந்தபோதுதான். அதே வெள்ளைச் சேட்டு. நான் எழும்பிக் கதிரை காட்டினேன், அவர் இருக்கவில்லை. மடித்த பிரதி ஒன்றை மேசையில் விரித்தார். நான் எழுதிய முதல் தாள். அதன் பின்னால் இரண்டாம் தாளில் அவருடைய கையெழுத்து.

"சித்தப்பான்ரை மகன் கிணத்தடியிலை எல்லாரையும் கூப்பிட்டு வைச்சு இதை வாசிச்சவர். கிணத்திலை தனக்குப் பங்கு இல்லை எண்டு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்து, ஆமியிட்டைக் குழாய்க்கிணறு வாங்கினவராம் நான். என்னை விட்டிட்டு முறையை ஏழாக்கிப் போட்டினம்."

நான் தாளைத் திருப்பிக் கையெழுத்தைப் பார்த்தேன்.

"என்ரை கையெழுத்துத்தான், பிள்ளை. அதாலை நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் முன்தாள் நான் சொன்னதில்லை. உங்கடை எழுத்து எனக்குத் தெரியும்."

"வழக்குப் போடலாம் ஐயா. உறுதி உங்களிட்டை இருக்கு. நீதிமன்றத்திலை இந்தப் படிவம் நிக்காது."

"வழக்கு முடியேக்கை நான் இருக்கமாட்டன். எனக்குத் தண்ணியைப் பற்றிக் கவலையில்லை. ஊரிலை என்னைக் கள்ளன் எண்டு கதைக்கினம். நான் சொல்லேல்லை, கந்தோரிலை எழுதினது எண்டு ஒரு கடிதம் தாங்கோ. ஒரு பக்கம் போதும். நான் அவையளுக்கு வாசிச்சுக் காட்டிறன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கடிதத்தின் அர்த்தம், அரச ஆவணத்தை நான் மாற்றினேன் என்பது. விசாரணை வரும், வேலை போகும், ஓய்வூதியம் போகும். எனக்கு இன்னும் நாலு வருடம் சேவைக்காலம் இருந்தது. ஆமிக்கும் எங்களுக்கும் இடையில் போன தாளில் மோசடி என்றால் பிரதேச செயலாளரும் அகப்படுவார் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டேன். எல்லாம் சாட்டு. நான் பயந்தேன்.

"யோசிச்சுச் சொல்லுறன் ஐயா," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். தாளை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். பிறகு அவர் கந்தோர்ப் பக்கம் வரவே இல்லை. ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடந்தன, நான் குறிப்பு எழுதினேன். அந்தப் பகுதி 'மீள்குடியேற்றம் நிறைவடைந்தது' என்ற தலைப்பின் கீழ் போய்விட்டது. அதை எழுதியதும் நான்தான்.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம், முதல் ஓய்வூதியம் கைக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தக் கடிதத்தை எழுதினேன். இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்கு வழியில்லை, பணம் வந்த பிறகுதான் எழுதினேன். நடந்ததை ஒன்றும் விடாமல் எழுதினேன். பெயர், பழைய பதவி, கையெழுத்து. பஸ்ஸில் கொண்டுபோனேன்.

அவர் வீட்டு முற்றத்தில் இருந்தார். மெலிந்திருந்தார். மதில் இல்லாத காணி, ஆகவே வடக்கே கிணறு தெரிந்தது. யாரோ வோட்டர் பம்ப் பூட்டி இறைத்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயம் பச்சையாக நின்றது. அவருடைய பத்துப் பரப்பில் புல்லும் இரண்டு தென்னையும். நான் கடிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடி எடுத்துவரச் சொல்லி மனைவியைக் கேட்டார். ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக, இரண்டு தரம் வாசித்தார்.

பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். திரும்ப முன்பக்கத்தின் அடியைப் பார்த்தார்.

"இதிலை கந்தோர் முத்திரை இல்லையே, பிள்ளை."

நான் இப்போது வேலையில் இல்லை, முத்திரை குத்த முடியாது என்றேன். அவர் தலையாட்டினார்.

"அவையின்ரை பேப்பரிலை இருக்கு," என்றார். "ஒவ்வொரு தாளிலையும் குத்தியிருக்கு. இதை நான் கொண்டுபோய் வாசிச்சால், பென்சன் எடுத்த மனுசியிட்டை எழுதுவிச்சுக்கொண்டு வந்திருக்கிறான் எண்டுதான் சொல்லுவினம்."

"நானே வந்து சொல்லுறன் ஐயா. இப்பவே போவம்."

"வேண்டாம். நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு." கடிதத்தை நாலாக மடித்தார். எறியவும் இல்லை, பைக்குள் வைக்கவும் இல்லை. என் கையில் திருப்பித் தந்தார்.

அவரில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பஸ் நிலையம்வரை நடந்து வந்தேன். அவர் கந்தோருக்கு வந்து மேசைக்கு முன்னால் நின்று கேட்ட அன்று, அந்த முத்திரை என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. லாச்சியின் திறப்பும் என்னிடம்தான் இருந்தது.